17 வயது ஹாக்கி வீரன்: இப்போதே வேலையில் சேர்ப்பதா, கல்லூரிக்கு அனுப்புவதா?

அயனாவரம்வாசி (கேள்வி):

வணக்கம். என் மகனுக்கு வரும் ஆகஸ்டில் 18 வயது நிறைகிறது. பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருக்கிறான். ஆறாம் வகுப்பில் ஸ்டிக் பிடித்தவன், இப்போது பின்வரிசையில் தடுத்து ஆடும் ஃபுல் பேக்காக இருக்கிறான்; எதிரணியின் தவறுக்காகக் கோல் அடிக்கத் தரும் பெனால்டி கார்னர் வாய்ப்பு கிளப் அணிக்குக் கிடைத்தால், பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசும் ட்ராக் ஃப்ளிக் அடிப்பதும் அவன்தான். தமிழ்நாடு ஜூனியர் அணிக்குத் தேர்வாகி ஒருமுறை நேஷனல்ஸ் போய் வந்தான். ஆனால் அங்கே பெரும்பாலான நேரம் வெளியில் உட்கார்ந்திருந்ததாக அவனே சொன்னான். 2025 டிசம்பரில் எழும்பூர் ஸ்டேடியத்தில் இந்திய ஜூனியர் அணி அர்ஜென்டினாவை வென்று உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியதை நேரில் பார்த்ததிலிருந்து, இனி ஹாக்கிதான் தனக்குப் பிழைப்பு என்று உறுதியாக இருக்கிறான்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மத்திய அரசுத் துறை ஒன்றின் அணி மேலாளர், 18 நிறைந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். நகருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரி, கட்டணமில்லாமல் பி.பி.ஏ. இடமும் விடுதியும் தருவதாகச் சொல்கிறது. மூன்றாவதாக, ஸ்டேடியத்தில் அறிமுகமான ஒருவர், அணிகள் ஆட்டக்காரர்களை விலைக்கு எடுக்கும் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்திலும் ஐரோப்பிய கிளப்புகளிலும் சேர்த்துவிடுவதாகவும், அதற்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேட்கிறார்.

என் கணவர் தனியார் நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். மகன் மூலம் மாதச் சம்பளம் ஒன்று வந்தால் வீட்டுக்குப் பெரிய ஆறுதல்தான். அதற்காக அவசரப்பட்டு அவன் ஆட்டத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற பயமும் இருக்கிறது. எந்த வயதில், எதைப் பார்த்து இந்த முடிவை எடுக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முன்னாள் சென்டர் ஹாஃப்:

அம்மா, நான் சென்னையில் ஒரு வங்கி அணிக்கு ஆடி, அந்த வங்கியிலேயே பணி ஓய்வு பெற்றவன். ஏலத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். உங்கள் மகனின் இன்றைய நிலையில் உண்மையான கேள்வி, துறை அணியா கல்லூரியா என்பதுதான்.

வயதைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த வாய்ப்பு போனால் திரும்ப வராது என்று பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகப் போட்டிகளில் 17 முதல் 25 வயது வரையுள்ள முழுநேர மாணவர்கள் மட்டுமே ஆட முடியும். முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே 18 வயதில் வேலையில் சேர்ந்தால் பல்கலைக்கழக ஹாக்கி அன்றோடு முடிந்தது. வேலை அப்படியல்ல; ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டையே எடுத்துக்கொண்டாலும் 18 முதல் 25 வயது வரை விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது படிப்பு. பல வீடுகளில் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வருமான வரித் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் டாக்ஸ் அசிஸ்டென்ட் பதவிக்குப் பட்டம் வேண்டும். அதன் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.25,500. பட்டமில்லாமல் அதே துறைக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது எம்.டி.எஸ். என்ற கடைநிலை ஊழியர் பதவி, அடிப்படைச் சம்பளம் ரூ.18,000. கணக்காயர் அலுவலகத்திலும் ஆடிட்டர், அக்கவுன்டன்ட் பதவிகளுக்குப் பட்டம் கேட்பார்கள். பிளஸ் டூவுக்குக் கிளார்க் வேலைதான். ஒரே அணியில், ஒரே பின்வரிசையில் ஆடும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிடப் பல ஆண்டுகள் பதவி உயர்வில் பின்தங்கிக் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் 33, 34 வயதில் ஓய்ந்துவிடும். அலுவலகத்தில் அதன் பிறகு கால் நூற்றாண்டு உட்கார வேண்டும்.

ரயில்வேயில் தேர்வு நடக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில், மைதானத்தில் காட்டும் திறன், உடல்தகுதி, பயிற்சியாளரின் கணிப்பு ஆகியவற்றுக்கு 40; அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடியதற்கு 50; படிப்புக்கு 10. ஒரே ஒரு ஜூனியர் நேஷனல்ஸ் சான்றிதழோடு போகும் பையனுக்கும், இன்னும் இரண்டு நேஷனல்ஸும் பல்கலைக்கழகப் பதக்கமும் சேர்த்துக்கொண்டு போகும் பையனுக்கும் அந்த 50-இல் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, அவன் எத்தனை நிமிடம் களத்தில் நிற்பான் என்பதைத்தான். ஃபார்வர்டாக ஆடும் பையனைச் சீனியர் அணியில் கால் மணி நேரக் குவார்ட்டர் ஒன்றில் நான்கைந்து நிமிடம் இறக்கிவிட்டு எடுத்துவிடலாம். மாற்று ஆட்டக்காரர் விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஃபுல் பேக்கை அப்படி எந்தப் பயிற்சியாளரும் இறக்கிப் பார்க்க மாட்டார், ஏனென்றால் அவன் செய்யும் ஒரு பிழை நேராகக் கோல் ஆகும். பின்வரிசை ஆட்டக்காரர்கள் தாமதமாகத்தான் முதிர்கிறார்கள். நடுக்களத்தில் ஆடும் விவேக் சாகர் பிரசாத் 2018-இல் 18 நிறைவதற்கு முன்பே இந்திய சீனியர் அணிக்கு ஆடிவிட்டார். தடுப்பாட்டக்காரரான அமித் ரோஹிதாஸோ 2013-இல் அறிமுகமாகி, வெளியே போய், 2017-இல்தான் அணிக்குத் திரும்பினார். அதன் பிறகு டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினார். கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் இந்தச் சென்னையிலேயே இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு ஆடியவர். 2006-இல் இந்திய அணிக்கு வந்தவருக்கு நிலையான இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே அந்தத் துறை அணி ஆடும் லீக் ஆட்டம் ஒன்றை எழும்பூரில் போய்ப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள். பின்வரிசையில் யார் ஆடுகிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, அணியில் மிக இளையவர் எப்போது இறங்குகிறார், பெனால்டி கார்னர் விழுந்ததும் கோலுக்கு முன்னுள்ள 'டி' வட்டத்தின் உச்சியில் போய் நிற்பது யார், நான்கு கோல் முன்னிலை வந்த பிறகாவது அந்த வாய்ப்பை இளையவருக்கு விட்டுக்கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். விட்டுக்கொடுக்காத அணியில் உங்கள் மகன் மூன்று ஆண்டு தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டிருப்பான், சம்பளம் மட்டும் வரும்.

என் கருத்து: இப்போது கல்லூரி, 20, 21 வயதில் பட்டத்தோடு வேலை.

வில்லிவாக்கம் ஃபார்வர்டு:

சார் சொல்லும் விதிகள் எல்லாம் சரிதான். முடிவோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அக்கா.

வேலைக்கு எப்போது போவது என்பதை நாம் தீர்மானிப்பதாக வைத்துக்கொண்டு சார் பேசுகிறார். உண்மையில் அதைத் தீர்மானிப்பது, ஆள் எடுக்கத் துறை வெளியிடும் அறிவிக்கைதான். விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிக்கையில் ஹாக்கி என்று மட்டும் இருக்காது. ஃபுல் பேக் ஒன்று, கோல் கீப்பர் ஒன்று என்று ஆடும் இடம் வாரியாகக் கேட்பார்கள். அந்தத் துறையில் இந்த ஆண்டு ஃபுல் பேக் இடம் காலியாகி, அதில் 20 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்துவிட்டால், அடுத்த பத்தாண்டுக்கு அங்கே ஃபுல் பேக் கேட்க மாட்டார்கள். கல்லூரியில் என்னோடு ஆடிய இடது ஹாஃப் ஒருவர், என்னைவிட நல்ல ஆட்டக்காரர், பட்டத்தையும் பதக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்கு அறிவிக்கை வரக் காத்திருந்தார். 25 தாண்டிவிட்டது. இப்போது தனியார் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறார்.

நான் கல்லூரி முதலாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, பிளஸ் டூ தகுதியில் ரயில்வேயில் சேர்ந்தேன். அந்தத் தகுதிக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.19,900 அல்லது ரூ.21,700, அதற்கு மேலே அகவிலைப்படியும் வாடகைப்படியும் வரும். சேர்ந்த இரண்டாவது ஆண்டில் முழங்காலில் ஏ.சி.எல். என்ற மூட்டுநார் கிழிந்தது. அறுவை சிகிச்சையை ரயில்வே மருத்துவமனையில் செய்தார்கள், ஆடாத மாதங்களுக்கும் சம்பளம் வந்தது, திரும்பி வந்து ஆட முடிந்தது. இதே காயம் கல்லூரியில் பட்டிருந்தால் விடுதி இடம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கட்டணமில்லா இடம் என்பதெல்லாம் ஆடுகிற வரைக்கும்தான். கால் காசு என்றாலும் கவர்மென்ட் காசு என்று நம் வீடுகளில் சும்மா சொல்லவில்லை.

பட்டத்தைத் துறையின் அனுமதி பெற்றுத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ரயில்வேயில் குறைந்தது 5 ஆண்டுகள் அணிக்கு ஆடுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் வேறு நல்ல இடம் வந்தாலும் எளிதில் நகர முடியாது.

தசைநார்:

நான் ஹாக்கி வீரர்களையும் வேகப்பந்து வீச்சாளர்களையும் அதிகம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். வேலையா படிப்பா என்பதில் நான் தலையிடவில்லை. ட்ராக் ஃப்ளிக் அடிப்பவர் என்று எழுதியிருப்பதால் மட்டும் இதைச் சொல்கிறேன்.

அந்த அடியில் உடல் தாழ்ந்து, இடுப்பு முறுக்கிக்கொண்டு, முழு வேகமும் கீழ்முதுகின் வழியாகக் கைக்குப் போகிறது. 17, 18 வயதில் முதுகெலும்பு இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. இந்த வயதில் ஒரே அசைவை ஓய்வில்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால், கீழ்முதுகு எலும்பின் பின்பகுதியில் மெல்லிய அழுத்த முறிவு வரலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதும் உண்டு. முதுகில் ஒரு பக்கமாக மட்டும் வலி இருந்து, பின்னால் வளையும்போது அது கூடினால், தைலம் தேய்த்துக்கொண்டு ஆடவிடாமல் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீனியர் அணியோடு பயிற்சிக்குப் போகிற இளைஞர்களிடம் நான் காண்பது என்னவென்றால், அணியின் பயிற்சியில் ஒரு சுற்று, தன் கிளப்பில் ஒரு சுற்று, எல்லாரும் போன பிறகு தன்னை நிரூபிக்க இன்னொரு சுற்று என்று ஒரே நாளில் மூன்று இடங்களில் ஃப்ளிக் அடிக்கிறார்கள். மொத்தம் எத்தனை என்பது எந்தப் பயிற்சியாளருக்கும் தெரிவதில்லை. எந்த வழியில் போனாலும், அந்தக் கணக்கை ஒருவர் கையில் ஒப்படையுங்கள். சீனியர் ஆட்டத்துக்கு உடல் தயாரா என்பதை, வாரத்தில் இரண்டு முழு ஆட்டம் ஆடிய மறுநாள் காலையில் அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்பதை வைத்து ஓரளவு சொல்லலாம்.

பார் கவுன்சில் பார்வையாளர்:

ஐந்தாண்டு ஒப்பந்தம் கேட்கிறவரைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903-இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு வந்ததிலிருந்து இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே அவர் ஆகஸ்ட் வரை காத்திருப்பார், அல்லது இப்போதே உங்கள் கையெழுத்தைக் கேட்பார். உங்கள் கையெழுத்து விழுந்தால் பொறுப்பு உங்கள்மேல் வரும். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவனுடைய ஆதார் நகலையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவைக்காதீர்கள்.

லீக் ஏலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2024 அக்டோபர் ஏலத்தில், அப்போது இந்திய அணி கேப்டனாக இருந்த ஹர்மன்பிரீத் சிங்குக்கு ரூ.78 லட்சம் கிடைத்தது. ஆனால் அடிப்படை விலை ரூ.2 லட்சம், ரூ.5 லட்சம், ரூ.10 லட்சம் என்று மூன்று படிகளில் இருந்தது. ஒவ்வோர் அணியும் எடுத்த 24 பேரில் ஜூனியர்களுக்கென்று உறுதியாக இருந்தது 4 இடம். இந்தியா முழுவதிலுமுள்ள ஜூனியர்கள் அந்த இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். இந்திய ஜூனியர் கேம்ப்புக்கு அழைக்கப்பட்டவர்களுக்கே முன்னுரிமை கிடைக்கும். இன்னொன்று, 2013-இல் தொடங்கிய இந்த லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோய், 2024 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு லீக்கே இல்லை. ஐரோப்பிய கிளப்புக்கு ஆடப் போவதானாலும் தேசியச் சம்மேளனமான ஹாக்கி இந்தியாவின் தடையில்லாச் சான்று வேண்டும். எந்த இடைத்தரகரும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

லீக் வந்தால் வரட்டும், ஆண்டுக்கு ஒரு மாத ஆட்டம், அதற்கான பணம், அவ்வளவுதான். துறை வேலையில் இருந்துகொண்டும் அதில் ஆடலாம், கல்லூரியில் படித்துக்கொண்டும் ஆடலாம்.

அயனாவரம்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கையெழுத்துக் கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அந்த அணியின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தோம். பின்வரிசையில் ஆடிய இருவரில் ஒருவருக்கு 34 வயது, ஓய்வுபெறும் யோசனையில் இருக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பெனால்டி கார்னர்களை வேறு ஒருவர்தான் அடித்தார், அவருக்கு 26 இருக்கும். கடைசிக் குவார்ட்டரில் இளையவர் ஒருவரை இறக்கினார்கள், கடைசி வரை வெளியே எடுக்கவில்லை. முதுகைப் பற்றிக் கேட்டதற்கு வலி எதுவும் இல்லை என்கிறான். ஆனால் ஒருநாளைக்கு எத்தனை ஃப்ளிக் அடிக்கிறான் என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்கு இப்போது குழப்பம் இதுதான். 34 வயதுக்காரர் ஓய்வுபெற்றால், தம்பி சொன்னதுபோல இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ ஃபுல் பேக் இடத்துக்கு அறிவிக்கை வரலாம். ஜூன் மாதம் கல்லூரியில் சேர்த்துவிட்டால் அதற்கு விண்ணப்பிக்க முடியுமா? விண்ணப்பித்துக் கிடைத்தால் போவதா, வேண்டாம் என்பதா?

முன்னாள் சென்டர் ஹாஃப்:

தாராளமாக விண்ணப்பிக்கலாம், அம்மா. மாணவராக இருப்பது வேலைக்குத் தடையில்லை. ஆகவே ஜூனில் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். சேர்வதற்கு முன் கல்லூரியிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: காயம் பட்டு ஒரு பருவம் ஆடாவிட்டாலும் கட்டணச் சலுகையும் விடுதியும் தொடருமா, நடுவில் வேலை கிடைத்துப் போனால் மாற்றுச் சான்றிதழை எந்தத் தொகையும் கேட்காமல் தருவார்களா. பையனின் அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று அலைக்கழித்த இடங்கள் உண்டு.

அறிவிக்கை வந்தால் என்ன செய்வது என்பதற்கு, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பதில் முன்பு சொன்னதைவிடக் கொஞ்சம் தளர்கிறது. கடைசிக் குவார்ட்டரில் இளையவரை இறக்கி, அங்கேயே விட்டுவைக்கிற அணி நல்ல அணி. 34 வயதுக்காரர் உண்மையிலேயே போகிறார், அவர் இடத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள், பதவியும் பிளஸ் டூ தகுதிக்குரிய கிளார்க் நிலையில் இருக்கிறது என்றால், 19 வயதானாலும் போகட்டும்; தம்பி சொன்னதுபோல அந்த இடம் மறுபடி எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. எம்.டி.எஸ். நிலையில் கேட்டார்கள் என்றால் நான் விடமாட்டேன், பட்டம் முடியட்டும் என்பேன். 26 வயது ஃப்ளிக்கர் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாவது ஃப்ளிக்கர் இல்லாத அணி பெனால்டி கார்னரில் எதிரணிக்குச் சுலபமாகிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வில்லிவாக்கம் ஃபார்வர்டு:

இதற்கு நானும் உடன்படுகிறேன், சார்.

அக்கா, சான்றிதழ் வேலையை இப்போதே தொடங்குங்கள். மாநில அணிக்கு ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் படிவம் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4 என்று தனித்தனியாக இருக்கிறது. போட்டியில் கையில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழை மட்டும் காட்டினால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். அவன் ஆடிய ஜூனியர் நேஷனல்ஸுக்கான படிவம் 2-ஐ, ஹாக்கி யூனிட் ஆஃப் தமிழ்நாடு சங்கத்தின் செயலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துவிடுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு ஆடிய போட்டிகளைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது ஒவ்வோர் அறிவிக்கையிலும் இருக்கும். பழைய போட்டிக்கு மதிப்பெண் கிடைக்காது. அதனால் இந்த ஆண்டு மாநில ஜூனியர் ட்ரையல்ஸை எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம்.